முதலில் சோறு, அப்புறம் கதை: டீச்சர் பதில்கள்

சாப்பாட்டுக் கோளாறிலிருந்து மீண்டுவரும் பிள்ளைகளோடு உட்கார்ந்து கதை எழுதி வருகிறேன் என்று போன இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். மதுரையில் இருக்கும் மனநல மருத்துவர் ஒருவர் கேட்டுக்கொண்டதால் போகிறேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை, காரைக்குடியில் தமிழ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். உடம்பு, ரத்தம், சத்து பற்றி இங்கே வருவதெல்லாம் அந்த மருத்துவரிடம் கேட்டு எழுதியது. கதை பற்றிச் சொல்வது மட்டும் என் சொந்தச் சரக்கு.

டீச்சருக்கு வணக்கம். என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். போன ஆடி மாதத்திலிருந்து சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் மயக்கம் போட்டு விழுந்தாள். அனோரெக்ஸியா என்று சொல்லி வைத்தியம் நடக்கிறது. இப்போது மூன்று வேளையும் உட்கார்ந்து சாப்பிடுகிறாள், பக்கத்தில் நான் இருக்க வேண்டும். கவுன்சலர் கதை எழுதச் சொன்னார். இவளோ ஒரு நோட்டு முழுக்கச் சமையல் குறிப்பு எழுதி வைத்திருக்கிறாள். வெள்ளைப் பணியாரம், மணகோலம், கும்மாயம் என்று எங்களுக்கெல்லாம் செய்து போடுகிறாள், தான் தொடுவதில்லை. இந்த எழுத்து நல்லதா? நோட்டைப் பிடுங்கிவிடலாமா?
– ஒரு தாய், தேவகோட்டை

பிடுங்க வேண்டாம். பாராட்டவும் வேண்டாம். அந்த நோட்டை எழுதுவது உங்கள் மகளின் பசி.

1944 நவம்பரில் அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் ஒரு சோதனையைத் தொடங்கினார். போரில் ஆயுதம் எடுக்க மறுத்த இளைஞர்கள் 36 பேர் தாங்களாகவே முன்வந்தார்கள். எல்லோரும் திடகாத்திரமான ஆட்கள். போரால் பட்டினி கிடந்த ஐரோப்பிய மக்களை எப்படித் தேற்றுவது என்று தெரிந்துகொள்வதற்காக, 24 வாரம் இவர்களுக்கு அரை வயிற்றுச் சாப்பாடு கொடுத்தார்கள். எவ்வளவு என்ற எண்ணை இங்கே எழுத மாட்டேன், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். வாரங்கள் போகப் போக அந்த ஆண்கள் சமையல் புத்தகம் சேர்க்க ஆரம்பித்தார்கள். பேச்செல்லாம் சாப்பாட்டைப் பற்றி, கனவெல்லாம் சாப்பாடு. தட்டை நக்கினார்கள், சிடுசிடுத்தார்கள், ஒருவரோடொருவர் பேசாமல் ஒதுங்கினார்கள். ஒல்லியாக வேண்டும் என்ற ஆசை அதில் ஒருவருக்கும் கிடையாது. வயிறு காய்ந்தால் மூளை அப்படித்தான் வேலை செய்யும்.

அதனால் அந்த நோட்டைப் பற்றி டாக்டரிடம் சொல்லுங்கள். அடுப்படியை இப்போதைக்கு நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான ஒரு வைத்திய முறை இருக்கிறது. அதில் முதல் கட்டத்தில் என்ன சாப்பாடு, எவ்வளவு என்று முடிவு செய்கிற பொறுப்பு முழுக்கப் பெற்றோருடையது. பிள்ளையின் உடம்பு தேறியதும் கொஞ்சம் கொஞ்சமாக அவளிடமே திருப்பிக் கொடுப்பார்கள். ஊருக்கெல்லாம் பணியாரம் சுட்டுப் போட்டுவிட்டுத் தான் சாப்பிடாமல் இருப்பதைப் பொறுப்பான பெண் என்று சொந்தக்காரர்கள் புகழ்வார்கள். அந்தப் புகழ்ச்சியை வாசலிலேயே நிறுத்துங்கள்.

சரி, கதைக்கு வருவோம். எப்போது எழுதுவது என்பதுதான் என்னைப் பொறுத்தவரை முதல் கேள்வி. சாப்பிட்ட உடனே எழுத வேண்டும். சாப்பிட்டு முடித்த அடுத்த அரைமணி, முக்கால் மணி நேரம்தான் இந்தப் பிள்ளைகளுக்கு நரகம். உள்ளே போனதை எப்படிச் சரிக்கட்டுவது என்று மனசு அரித்துக்கொண்டே இருக்கும், காலை ஆட்டிக்கொண்டே இருப்பார்கள், மாடிப்படி ஏறி இறங்கப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் பட்டாலையில் உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து பத்து, பதினைந்து நிமிடம் எழுதட்டும். நீங்களும் ஏதாவது எழுதுங்கள், பால் கணக்கானாலும் பரவாயில்லை. ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு தனியாக எழுதுவது இப்போது வேண்டாம். சாப்பாட்டுக்குப் பதிலாக எழுதுவது எப்போதும் வேண்டாம். உடம்பு ரொம்ப மெலிந்திருக்கும்போது எழுத்து வராது, வந்தாலும் ஒரே வரியைச் சுற்றிச் சுற்றி வரும். அப்போது நீங்கள் ஒரு கதையை வாசித்துக் காட்டினால் போதும்.

எதை எழுதுவது? என்னிடம் வந்த ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். அவள் சம்மதித்திருக்கிறாள், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். 'உன் நோயை ஓர் ஆளாக எழுது' என்றேன். இது நான் கண்டுபிடித்த உத்தி இல்லை. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் வைட், நியூசிலாந்தில் டேவிட் எப்ஸ்டன் என்று இரண்டு பேர் 1980களில் வளர்த்தெடுத்த வழி. ஆள் வேறு, ஆளைப் பிடித்த தொல்லை வேறு என்று பிரித்து வைத்துப் பேசுவது. இந்தப் பெண் தன் நோயை ஒரு கணக்குப்பிள்ளையாக எழுதினாள். நம் ஊர்ப் பிள்ளை, வேறு யார் தோன்றுவார்கள்!

கதையில் கணக்குப்பிள்ளை முதலில் முகப்புத் திண்ணையில்தான் வந்து உட்காருகிறார். ரொம்ப மரியாதையானவர். மேசைப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, "நீங்க கவலையில்லாம படிங்க, உங்க வரவு செலவை நான் பாத்துக்கிறேன்" என்கிறார். அவளுக்கு அப்போது அது பெரிய ஆறுதல். வீட்டில் சொத்துத் தகராறு, யாரும் யாரோடும் பேசாத நேரம். கொஞ்ச நாளில் வளவுக்குள், வீட்டின் உள்முற்றத்துக்கே, வந்துவிட்டார். அப்புறம் இரண்டாங்கட்டு. ஒரு நாள் பார்த்தால் அடுப்படிச் சாவி அவர் இடுப்பில் தொங்குகிறது. ஒவ்வொரு வாய்க்கும் பேரேட்டில் பற்று எழுதுகிறார்.

நான் திருத்தவில்லை, விளக்கமும் சொல்லவில்லை. கேள்வி மட்டும் கேட்டேன். அவர் வந்த அன்றைக்கு வீட்டில் யார் இல்லை? அவர் சொல்லும் பொய் எது? அவரால் நுழைய முடியாத அறை ஒன்றாவது இருக்குமே, அது எது? கடைசிக் கேள்விக்கு அவள் ரொம்ப நேரம் யோசித்தாள். மேல்மாடியில் பழைய சாமான் போட்டிருக்கும் அறை என்று எழுதினாள். அங்கே அவளும் தம்பியும் ஒளிந்து விளையாடுவார்களாம். கணக்குப்பிள்ளைக்கு எண் தெரியும், விளையாட்டு தெரியாது, அதனால் அந்தப் படி ஏற மாட்டார். அப்புறம் கதைக்குள் அவளுடைய அப்பத்தா வந்தார். நேராகத் திண்ணைக்குப் போய், "யாரப்பா நீ? இந்த வீட்டுல உனக்கு யாரு சம்பளம் குடுக்குறது?" என்று கேட்டார். அடுத்த வாரம் அவள் எழுதிக்கொண்டு வந்த பதில்: "நான்தான் குடுத்துக்கிட்டு இருந்தேன், அப்பத்தா."

அந்த வரியை அவளே எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினாள். அதற்குமேல் அது அவர்கள் வேலை. கணக்குப்பிள்ளை ஒரே நாளில் கிளம்பிவிடவில்லை. இன்னும் சில நாள் திண்ணையில் வந்து உட்காருகிறாராம்.

அவர் நல்லவராக வந்தார் என்று அவள் எழுதினாளே, அதை அம்மாக்கள் கவனிக்க வேண்டும். 1999இல் லண்டனில் லூசி செர்பெல், ஜேனட் டிரெஷர் முதலியோர் ஓர் ஆய்வு செய்தார்கள். அனோரெக்ஸியா உள்ளவர்களை அந்த நோய்க்கு இரண்டு கடிதம் எழுதச் சொன்னார்கள். ஒன்று நண்பனுக்கு எழுதுவது போல, இன்னொன்று எதிரிக்கு எழுதுவது போல. நண்பன் கடிதங்களில், 'நீ என்னைப் பார்த்துக்கொள்கிறாய், காப்பாற்றுகிறாய்' என்ற பேச்சு நிறைய வந்தது. நாம் வெளியிலிருந்து 'இந்தச் சனியனை விட்டொழி' என்கிறோம். அவளுக்கு அது துணை. அந்தத் துணை எந்த வேலையைச் செய்து கொடுத்தது என்று தெரிந்தால்தான் அந்த வேலைக்கு வேறு ஆள் பார்க்க முடியும். இந்த இரண்டு கடிதத்தையும் வீட்டில் நீங்களாக எழுதச் சொல்லாதீர்கள், கவுன்சலர் முன்னால் எழுதட்டும். நண்பன் கடிதத்தைப் படித்தால் பெற்ற வயிறு தாங்காது.

வீட்டில் எழுதும் கதைக்கு நான் வைத்திருக்கும் கட்டுப்பாடுகள் கொஞ்சம்தான். எடை, அளவு, கலோரி எதுவும் எண்ணாக வரக்கூடாது. கதையில் முகம் பார்க்கும் கண்ணாடி கிடையாது. இந்தப் பிள்ளைகள் தங்கள் உடம்பை எந்நேரமும் வெளியிலிருந்தே பார்த்துக்கொண்டிருப்பார்கள். உள்ளிருந்து எழுதச் சொல்லுங்கள். சித்திரை மத்தியானத்தில் ஆத்தங்குடிக்கல் தரையில் வெறுங்காலை வைத்தால் எப்படி இருக்கும், முற்றத்தில் மழை கொட்டும்போது தூணோரம் நின்றால் முழங்கை வரை எப்படிச் சிலிர்க்கும், இப்படி. சாப்பாடு கதைக்குள் வருவதற்கு அவசரமில்லை. வந்தால், கந்தரப்பத்தில் என்ன போட்டார்கள் என்பது வேண்டாம், அதைத் தின்றபோது பக்கத்தில் யார் இருந்தார்கள், என்ன சொல்லிச் சிரித்தார்கள் என்று எழுதட்டும்.

இன்னொரு தொல்லை, நேர்த்தி. இவர்களில் பலர் முதல் மதிப்பெண் வாங்குகிறவர்கள். ஒரு பக்கத்தை ஏழெட்டுத் தடவை கிழித்து எழுதுவார்கள். நல்ல நோட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். நம் வீடுகளில் கல்யாணப் பத்திரிகைக்கா பஞ்சம்? அதன் பின்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் எழுதச் சொல்லுங்கள். அடித்தல் திருத்தல் எல்லாம் அப்படியே கிடக்கட்டும்.

எழுதியதை நீங்கள் படிக்கக் கூடாது. அவளாக வாசித்துக் காட்டினால் கேளுங்கள். 'சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் மட்டும் யாரிடமாவது காட்ட வேண்டும்' என்று முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அதில் மட்டும் ரகசியம் கிடையாது.

கடிதத்தின் கடைசியில் 'என் வளர்ப்புச் சரியில்லையோ' என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. இந்த நோய்க்குப் பரம்பரைக் கூறும் உண்டு, குணமும் உண்டு, சூழ்நிலையும் உண்டு. ஒரு தாயின் தலையில் கட்டிவிட முடியாது.

எங்கள் காலத்தில் இப்படியெல்லாம் வியாதி இருந்ததா? செல்போனும் சினிமாவும் பார்த்துப் பணக்கார வீட்டுப் பெண்கள் செய்யும் கூத்து இது. இதற்குக் கதை வேறா?
– ஒரு வாசகர், பள்ளத்தூர்

1873இல் பாரிஸில் லசேக் என்ற மருத்துவர் இதைப் பற்றி எழுதினார். அதே ஆண்டு லண்டனில் வில்லியம் கல் என்ற மருத்துவர் பேசினார், அனோரெக்ஸியா நெர்வோசா என்ற பெயர் அவர் வைத்ததுதான். அப்போது செல்போனும் இல்லை, சினிமாவும் இல்லை. ஆண் பிள்ளைகளுக்கும் வருகிறது, கூலி வேலை செய்கிறவர் வீட்டிலும் வருகிறது. அங்கே அல்சர் என்று மாத்திரை வாங்கிக் கொடுத்துக் காலத்தைக் கடத்திவிடுவார்கள்.

இன்னொன்றும் உண்டு. 1990களில் ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர் கவனித்தது இது. அங்கே வந்த நோயாளிகளில் பலர் 'குண்டாகிவிடுவேன்' என்று பயப்படவே இல்லை. வயிறு உப்பியிருக்கிறது, பசியில்லை என்றே சொன்னார்கள். நம் பக்கத்துப் பிள்ளைகள் சொல்வதும் கிட்டத்தட்ட அதுதான். "நெஞ்சுலயே நிக்குது", "இறங்க மாட்டேங்குது", இல்லாவிட்டால் "இன்னைக்கு விரதம்". செவ்வாய், வெள்ளி, சஷ்டி, பிரதோஷம் என்று வரிசையாக வந்தால் வீட்டில் எவ்வளவு பக்தி என்று மெச்சுவார்கள், நீங்களும் மெச்சியிருப்பீர்கள். அடுத்த முறை அந்தப் பிள்ளையின் கையைத் தொட்டுப் பாருங்கள். வெயில் காலத்திலும் சில்லென்று இருந்தால் டாக்டரிடம் கூட்டிப்போகச் சொல்லுங்கள்.

டீச்சர், நான் காரைக்குடியில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். பார்த்தால் யாருக்கும் எதுவும் தெரியாது, சாதாரண உடம்புதான். ஆனால் நிறையச் சாப்பிட்டுவிட்டுப் பிறகு வாந்தி எடுக்கிறேன். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. பசியைப் பற்றிக் கவிதை எழுதி இன்ஸ்டாகிராமில் போடுகிறேன், நிறையப் பேர் ரசிக்கிறார்கள். எழுதும்போது லேசாக இருக்கிறது, ஆனால் பழக்கம் நிற்கவில்லை. எழுத்து எனக்கு உதவுகிறதா? மூன்று கவிதைகள் இணைத்திருக்கிறேன்.
– பெயர் வேண்டாம்

கண்ணு, கவிதைக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை. திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால் உடம்பில் பொட்டாசியம் இறங்கும். அது இறங்கினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். சாதாரண உடம்போடு நடமாடிக்கொண்டிருக்கும்போதே இது நடக்கும். இதன் பெயர் புலிமியா, 1979இல் லண்டனில் ஜெரால்டு ரஸ்ஸல் என்ற மருத்துவர் தனி நோயாக எழுதி வைத்தார். வைத்தியம் உண்டு, தேறியவர்கள் நிறைய. சிவகங்கையிலும் புதுக்கோட்டையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, மனநலப் பிரிவில் போய் உட்கார். போவதற்குப் பயமாக இருந்தால் 14416க்கு அடி. டெலி மானஸ், அரசாங்கத்தின் இலவச எண், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். டாக்டரிடம் பொட்டாசியமும் ஈசிஜியும் பார்க்கச் சொல்லிக் கேள். வெட்கப்பட்டு 'வயிற்று வலி' என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதே. அதுவரைக்கும், வாந்தி வந்தால் உடனே பல் தேய்க்காதே, தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் போதும். அமிலம் பட்ட பல்லைத் தேய்த்தால் எனாமல் இன்னும் தேயும்.

இப்போது கவிதை. உனக்குத் திறமை இருக்கிறது, அதுதான் எனக்குக் கவலை. மூன்றிலும் பசி ஒரு தேவதை மாதிரி வருகிறது. சுத்தமானவள், லேசானவள், நிலாவில் நடக்கிறவள். ரசிக்கிறவர்கள் அவளை ரசிக்கிறார்கள். நீ கழிவறைக் குழாயைத் திறந்துவிட்டுச் சத்தம் வெளியே கேட்காமல் நிற்கிறாயே, அந்தப் பெண் ஒரு கவிதையிலும் இல்லை. அதனால் கொஞ்ச நாள் கவிதையை நிறுத்திவிட்டு உரைநடை எழுது. அழகில்லாத உரைநடை. 'நான்' வேண்டாம், 'அவள்' என்று எழுது. சாப்பிட உட்காருவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் இருக்கிறதே, அதை மட்டும் எழுது. யார் போன் செய்தார்கள்? அவள் எதைச் சொல்ல வந்து சொல்லாமல் விட்டாள்? மத்தியானம் சாப்பிட்டாளா? முக்கால்வாசி நாள் சாப்பிட்டிருக்க மாட்டாள். பகல் முழுக்கக் காய்ந்த வயிறு ராத்திரி பழி வாங்கும். வேளாவேளைக்குச் சாப்பிட வைப்பதுதான் புலிமியா வைத்தியத்தின் முதல் படி என்று டாக்டர் சொல்கிறார்.

நாலைந்து தடவை எழுதினால் ஏதாவது ஒன்று திரும்பத் திரும்ப வருவது உனக்கே தெரியும். அப்புறம் அதே காட்சியை வேறு முடிவோடு எழுது. 'அவள்' எழுந்து பக்கத்து அறைக் கதவைத் தட்டுகிறாள். யார் திறக்கிறார்கள், என்ன பேசுகிறார்கள்? இந்த இடத்தில் நீ மாட்டிக்கொள்வாய், ஏனென்றால் யாரிடம் பேசுவது என்று உனக்கு இன்னும் தெரியாது. எழுதிப் பார்த்தால் ஒரு பெயர் வரும்.

ஓர் எச்சரிக்கை. மனசில் கிடப்பதைத் தொடர்ந்து சில நாள் பதினைந்து நிமிடம் எழுதுவது பற்றி முதலில் ஆராய்ந்தவர்கள் ஜேம்ஸ் பென்னபேக்கரும் சாண்ட்ரா பீலும். 1986இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்கள்தான் எழுதினார்கள். வேதனையான விஷயத்தை எழுதியவர்களுக்கு, எழுதி முடித்த உடனே மனசு இன்னும் பாரமானது. பிற்பாடுதான் பலன் தெரிந்தது. சாப்பாட்டுக் கோளாறுக்கு மட்டும் என்று பார்த்தால், எழுத்தின் பலன் எல்லா ஆய்விலும் ஒரே மாதிரி இல்லை. அதனால் தனி மருந்தாக நம்பிவிடாதே. எழுதி முடித்ததும் அறைக்குள் இருக்காதே, விடுதி முற்றத்தில் நாலு பேர் இருக்கிற இடத்துக்குப் போ.

கவிதைகளை நான் வைத்துக்கொள்கிறேன். டாக்டரைப் பார்த்துவிட்டு எழுது, வரிக்கு வரி பேசலாம்.

டீச்சரம்மா, மகள் வயிற்றுப் பேத்தி சென்னையிலிருந்து பிள்ளையார் நோன்புக்கு வருகிறாள். இந்த நோயிலிருந்து இப்போதுதான் கொஞ்சம் தேறியிருக்கிறாள். பங்காளி வீட்டார் எல்லாரும் வருவார்கள், ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். எனக்கு எழுத வராது, கதை சொல்ல வரும். அதனால் ஏதும் பிரயோசனம் உண்டா?
– ஓர் ஆயா, கானாடுகாத்தான்

ஆச்சி, உங்கள் கடிதத்தைத்தான் நான் முதலில் எடுத்து வைத்தேன்.

இந்தப் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு நேரத்தில் பேச்சுத்துணை வேண்டும் என்று வைத்தியம் பார்க்கிறவர்களே சொல்கிறார்கள். தட்டைப் பற்றிப் பேசாத பேச்சாக இருக்க வேண்டும். எல்லாரும் வாயை மூடிக்கொண்டு அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தால் எந்தப் பிள்ளைக்குத்தான் இறங்கும்? நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் இலையில் சாப்பிட்டுக்கொண்டே கதை சொல்லுங்கள். அய்யா ரங்கூனுக்குக் கப்பல் ஏறிய கதை, பர்மாவில் குண்டு விழுந்தபோது நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர்கள் கதை, கல்யாணத்தில் சாமான் பரப்பி வைத்ததில் நடந்த சண்டை, எது வேண்டுமானாலும். நடந்து வந்த கதையில் பட்டினி வரும் இடத்தை மட்டும் தாண்டிப் போய்விடுங்கள். 'ஒரு வாய் வாங்கிக்க, அப்பத்தான் மிச்சக் கதை' என்று பேரம் வேண்டாம். அது மூன்று வயதுப் பிள்ளைக்கு. இவள் பாதியில் கையை நிறுத்தினாலும் கதை நிற்காமல் போகட்டும். எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று பார்ப்பது அவள் அம்மாவின் வேலையாக இருக்கட்டும், உங்களுக்கு அது வேண்டாம்.

பங்காளி வீட்டார் வாயை அடைக்க முடியாது, ஆனால் முன்னாலேயே இரண்டு மூன்று பெரிய ஆச்சிமாரிடம் சொல்லி வைக்கலாம். "என்ன இப்படி இளைச்சுட்டே" என்று சொல்லக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். "இப்பத்தான் கன்னத்துல சதை வச்சு லட்சணமா இருக்கே" என்பதும் அதே அளவு ஆபத்து. நல்லெண்ணத்தில்தான் சொல்வார்கள். அவள் காதில் 'குண்டாகிவிட்டாய்' என்று விழும், அன்றைக்கு ராத்திரியே சாப்பாடு நின்றுவிடும். உடம்பைப் பற்றி எந்தப் பேச்சும் வேண்டாம். படிப்பு, பட்டு, பாட்டு என்று பேச எவ்வளவோ இருக்கிறது.

திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் நூல் எடுத்து வைத்து, சஷ்டியும் சதயமும் கூடுகிற அன்று அந்த நூல் திரியை மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வது, அதாவது இழை எடுத்துக்கொள்வது, நம் வழக்கம். அன்றைக்குப் பகல் முழுக்க வயிற்றைக் காயப்போடுவது அவளுக்கு ஆகவே ஆகாது. சாப்பிட்டுவிட்டே இழை எடுத்துக்கொள்ளட்டும், பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார். அவர் சாப்பாட்டை விட்டதாக எந்தக் கதையிலும் நான் படித்ததில்லை. நெய்யும் வெல்லமும் சேர்ந்த மாவைப் பார்த்து அவள் தயங்கினால் எல்லார் முன்னாலும் வற்புறுத்தாதீர்கள். ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னாலேயே அவள் அம்மாவும் டாக்டரும் அவளோடு பேசி, எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்துகொள்ளட்டும்.

நீங்கள் எழுத வராது என்றீர்கள். அவளுக்கு வருமே! செட்டிநாட்டுத் தாலாட்டு உங்களுக்கு எத்தனை தெரியும்? மாமன் சீர் வரிசையெல்லாம் சொல்லிப் பாடுவீர்களே, அதைப் பாடுங்கள், அவள் போனில் பதிவு செய்து எழுதி வைக்கட்டும். புரியாத சொல்லைக் கேட்கட்டும். நோய் வந்த நாளிலிருந்து வீட்டில் அவளை எல்லாரும் 'சாப்பிடாத பிள்ளை' என்றுதான் பார்க்கிறார்கள். ஆயாவின் பாட்டை எழுதி வைத்திருக்கிறவள் என்று இன்னொரு அடையாளமும் அவளுக்கு இருக்கட்டும். நோன்பு முடிந்து அவள் சென்னைக்குப் போன பிறகும் பாட்டில் விட்டுப்போன வரியைக் கேட்டு உங்களுக்குப் போன் வரும். சாப்பாட்டைப் பற்றி விசாரிக்காமல் பேச உங்கள் இரண்டு பேருக்கும் ஒரு விஷயம் இருக்கும்.

எங்கள் பள்ளியில் இதைப் பற்றி விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்தப் போகிறோம். குணமான ஒரு முன்னாள் மாணவி தன் கதையைச் சொல்ல ஒத்துக்கொண்டிருக்கிறாள். நோயின்போது எடுத்த படங்களும் காட்டலாம் என்று யோசனை. பிறகு இதே தலைப்பில் கதைப் போட்டி. உங்கள் கருத்து?
– ஓர் ஆசிரியை, திருமயம்

படங்கள் வேண்டவே வேண்டாம். எலும்பு தெரிகிற படத்தைப் பார்த்து நூறு பிள்ளைகள் பயப்படலாம். ஆனால் ஏற்கெனவே உள்ளுக்குள் இந்தப் போராட்டத்தில் இருக்கிற ஒருத்தி, 'நான் இன்னும் அவ்வளவு இளைக்கவில்லையே' என்று நினைப்பாள். எண்ணும் அப்படித்தான். எத்தனை கிலோ குறைந்தேன், எத்தனை நாள் பட்டினி இருந்தேன் என்பதெல்லாம் அவளுக்கு இலக்காகிவிடும். மேலே மினசோட்டாச் சோதனையில் சாப்பாட்டு அளவை நான் எழுதாமல் விட்டதும் அதனால்தான். எப்படி மறைத்தேன், எப்படி வாந்தி எடுத்தேன் என்று விளக்கினால் நீங்கள் நடத்துவது செய்முறை வகுப்பு.

அந்த முன்னாள் மாணவி வரட்டும். என்ன பேசப் போகிறாள் என்று முன்கூட்டியே அவளோடு உட்கார்ந்து பாருங்கள், அவளுக்கு வைத்தியம் பார்த்தவரிடமும் கேளுங்கள். நோயைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால் போதும். முதன்முதலில் யாரிடம் சொன்னாள், சொல்ல எத்தனை நாள் பயந்தாள், அந்த ஆள் என்ன பதில் சொன்னார், எந்தப் பதில் உதவவில்லை, இதை விரிவாகச் சொல்லட்டும். கடைசி நேரத்தில் 'வேண்டாம்' என்றால் வற்புறுத்தாமல் விட்டுவிடுங்கள். தன் கதையைச் சொல்லாமல் இருக்கவும் அவளுக்கு உரிமை இருக்கிறது.

போட்டி எனக்குப் பிடிக்கவில்லை. இந்த விஷயத்தில் முதல் பரிசு என்றால், அதிகமாகக் கஷ்டப்பட்ட கதைக்குத்தான் போகும். அதற்குப் பதில் வகுப்பாகச் சேர்ந்து ஒரு கதை எழுதுங்கள். சாப்பாட்டு இடைவேளையில் தினமும் டிபன் பாக்ஸைத் திறக்காமல் நூலகத்துக்குப் போகிற தோழி ஒருத்தி என்று தொடங்குங்கள், கதை தோழியைக் கவனிக்கிறவளின் பார்வையில் போகட்டும். அவள் என்ன சொல்வாள், யாரிடம் போவாள் என்று பிள்ளைகளே பேசி முடிவு செய்யட்டும். என் அனுபவத்தில் நாற்பது பேர் இருக்கிற வகுப்பில் இந்த இடத்தில் ஒரு பெரிய சண்டை வரும். தோழியைக் காட்டிக்கொடுப்பதா, ரகசியத்தைக் காப்பாற்றுவதா என்று. அந்தச் சண்டையை மணி அடிக்கிற வரைக்கும் நடக்க விடுங்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு பிள்ளை கூட்டத்தில் பின்தங்கி நிற்பாள், ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு. அவளை யார் கவனிப்பது, எந்த டீச்சர் அவளோடு உட்காருவது, பெற்றோரிடம் யார் பேசுவது, எந்த மருத்துவமனைக்கு அனுப்புவது என்று முடிவு செய்துவிட்டு அப்புறம் தேதி குறியுங்கள். 14416ஐக் கரும்பலகையில் பெரிதாக எழுதி வையுங்கள். கதை எழுதும் அன்று நானும் வருகிறேன், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என்றால் எனக்கு பஸ் வசதி.